அறை வெப்பம் என்கிற வரி

எங்கள் பழைய பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போகிறார்களாம். பத்திரிகையையே மூடிப் பல வருஷம் ஆகிறது, இப்போது மலர் எதற்கு என்று கேட்டேன். பிரகாஷ் விடவில்லை. கடைசி சில வருஷங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னோடு இருந்தவர் அவர். இன்றைக்கு நரைக்குச் சாயம் அடிக்கிறார். "அண்ணா, வேற எதுவும் வேணாம். அந்த மூத்தவன் இளையவன் இதழ் பத்தி எழுதுங்க, போதும்" என்றார். அந்த இதழ் வந்தபோது அவர் எங்களிடம் வேலைக்கே சேரவில்லை. வாசகராக வாங்கிப் படித்தவர்.

எல்லோருக்கும் அந்த இதழ்தான் நினைவிருக்கிறது. எனக்கும் அதுதான். ஆனால் அவர்கள் அதில் படித்தது ஒன்று, நான் அதில் படிக்க விடாமல் செய்தது ஒன்று. அதை அன்றைக்கு ஒரே ஒருவரிடம் சொன்னேன், அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாக் கணக்கையும் போடுகிற சில்லுக்கு ப்ராசஸர் என்று பெயர். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்தக் காலத்தில் மேசைக் கம்ப்யூட்டருக்கான உயர்ரக ப்ராசஸர் என்றால் இரண்டு கம்பெனிகளுக்குள்தான் போட்டி. ஒன்று பெரியது, பழையது, விலை கூடியது. இன்னொன்று பின்னால் எழுந்து வந்தது, விலை குறைந்தது, கொஞ்சம் துடுக்கானது. முதலாவதை மூத்தவன் என்றும் இரண்டாவதை இளையவன் என்றும் ஆய்வுக்கூடத்தில் சொல்வோம். பாகப்பிரிவினையில் அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி மாதிரி, ஒருவர் விலையைக் குறைத்தால் மறுமாதமே மற்றவர் வேகத்தைக் கூட்டுவார். இதில் எதை வாங்கலாம் என்று வாசகர்களுக்குச் சொல்வது எங்கள் பிழைப்பு.

இன்றைக்கு அந்த வேலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. புது ப்ராசஸர் வந்த ஒரு மணி நேரத்தில் எங்கோ ஒரு குளிர் தேசத்தில், பின்னால் ஊதா விளக்கு எரிய, ஒருவர் உட்கார்ந்து வீடியோவில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அவர் உட்கார்ந்திருக்கும் அறை எத்தனை டிகிரி என்று அவரும் சொல்வதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை. நான் மட்டும் இங்கே பெங்களூர் ஓரத்தில் பொம்மசந்திராவில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்து, "ரூம் எவ்ளோ, அத மொதல்ல சொல்லு" என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி சுசீலா உள்ளேயிருந்து, ஆரம்பிச்சாச்சா என்பாள்.

நான் கர்நாடகப் பக்கம், ஓசூரை ஒட்டின அத்திபெலேக்காரன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஓசூருக்குப் போய் வந்தால் இரண்டும் கலந்தது. டிப்ளமோ முடித்து, தொண்ணூற்றொன்றில் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். மின்சுற்றுப் பலகையை ஒரு சோதனைப் பெட்டியில் செருக வேண்டும், பச்சை எரிந்தால் வலது பக்கம், சிவப்பு எரிந்தால் இடது பக்கம். ஐந்து வருஷம் வலது, இடது. அதற்குப் பிறகு பத்திரிகையில் வேலை என்று ஒரு விளம்பரம் பார்த்து, ஆங்கிலம் தகராறு என்று தெரிந்தே விண்ணப்பம் போட்டேன். பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. ஆனால் எழுத ஆள் இருக்கிறார்கள், சோதித்துப் பார்க்க ஆள் இல்லை என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக்கூடம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின்னறை. உயரமான கூரை, மேலே சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள், ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். கூரையில் மின்விசிறி மாட்டுகிற கொக்கி இருந்தது, மின்விசிறி இல்லை. பங்களா கட்டின நாளிலிருந்தே அப்படித்தானாம். தேவைப்படவில்லை. பெங்களூரில் அப்போது அது ஒரு அதிசயமான விஷயம் இல்லை. சேர்ந்த புதிதில் மே மாதத்திலும் நான் கைவைத்த பனியனோடுதான் சட்டை போட்டுப் போயிருக்கிறேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் ரெஜினா மேடம். என்னைவிட இரண்டு வயது இளையவர். கன்டோன்மென்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவர் அப்பா எப்போதோ வாங்கின ஆண்கள் கைக்கடிகாரத்தைத்தான் கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் என்னை "மிஸ்டர் முனிரத்தினம்" என்பார், கோபம் இல்லையென்றால் "ரத்தினம்." ஒரு மெஷினைத் திறப்பதற்கு முன்னால் கையிலிருக்கும் நான்கு வளையல்களையும் கழற்றித் திருகாணி போடும் எவர்சில்வர் தட்டில் வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் நான் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து போவேன். இப்போதும் வீட்டில் சுசீலா வளையலைக் கழற்றித் தட்டில் போட்டால் என் கால் தரையில் ஊன்றிக்கொள்கிறது.

அவருடைய முறைகளைச் சொல்ல வேண்டும். எந்தச் சோதனையையும் ஐந்து தடவை ஓட்ட வேண்டும். அதிகமாக வந்ததையும் குறைவாக வந்ததையும் தள்ளிவிட்டு நடுவிலிருக்கும் மூன்றுக்குச் சராசரி. ஒவ்வொரு தாளையும் எழுதத் தொடங்கும்போது முதல் கட்டத்தில் அறை வெப்பம். சுவரில் மரச்சட்டத்தில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தது. மேடம் பேனாவைத் திறந்துகொண்டு திரும்பாமலேயே கேட்பார், "ரத்தினம், ரூம் எவ்ளோ?" நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். இருபத்திரண்டு, இல்லையென்றால் இருபத்துமூன்று. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இந்தக் கேள்வி, இந்தப் பதில். பல வருஷம்.

சோதனைகளில் எங்களுக்குப் பிடித்தது கல்யாண வீடியோ. மேடத்தின் சித்தி மகளுடைய கல்யாணம், தேவாலயத்தில் எடுத்தது, பத்து நிமிஷத் துண்டு. அதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற ப்ராசஸருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்போம். நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருப்போம். நாலாவது நிமிஷத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா கொட்டாவி விடுவார். அவர் கொட்டாவி விடும்போது எனக்கும் வரும், மேடம் சிரிப்பார். அந்தக் கல்யாணத்துக்கு நான் போனதே இல்லை, ஆனால் அங்கே வந்த அத்தனை பேரையும் எனக்குத் தெரியும்.

விலைக்கும் ஒரு முறை இருந்தது. விநியோகஸ்தருக்குப் போன் போட்டுக் கேட்கக் கூடாது. போனில் சொல்வது பத்திரிகைக்கான விலை என்பார். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு நேரில் போக வேண்டும், ஒரே காலையில் மூன்று கடை, வாங்க வந்தவர்கள் மாதிரி. யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க மார்க்கெட்டில் ஒரு கீரைக்கட்டு வாங்கி, இலை வெளியே தெரிகிற மாதிரி பையில் வைத்துக்கொள்வார். கன்னடத்தில் ஆரம்பித்து, கடைக்காரர் பாய் என்றால் தக்னி உருதுவுக்கு மாறி, உள்ளே கணக்கு எழுதுகிறவர் தமிழர் என்று தெரிந்ததும் தமிழில் முடிப்பார். ப்ராசஸர் விலை மட்டும் போதாது. அதற்கேற்ற மதர்போர்டு, மெமரி, சூட்டைத் தணிக்கிற கூலர் எல்லாம் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் "ஓடுற விலை." மூன்று கடையில் நடுவிலிருக்கிற விலைதான் அச்சுக்குப் போகும். கீரையை என்னிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். ப்ராசஸர் ஒப்பீடு வருகிற மாதமெல்லாம் எங்கள் வீட்டில் கீரை மசியல்.

இன்னொரு விதியும் இருந்தது. அதுதான் கடைசியில் அவரை வீழ்த்தியது. பத்திரிகையில் தவறு வந்துவிட்டால், திருத்தம் அதே பக்க எண்ணில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். தப்ப மைக் வச்சு சொல்லிட்டு மன்னிப்ப காதுல சொல்றதா என்பார்.

அந்த டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் தங்கள் உச்ச ப்ராசஸர்களை ஏறக்குறைய ஒரே சமயத்தில் கடைக்கு அனுப்பின. பன்னிரண்டு நாள் சோதித்தோம். இளையவன் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஜெயித்தான். கல்யாண வீடியோவில் மூத்தவன் பெரியப்பாவின் கொட்டாவியில் இருக்கும்போது இளையவன் மோதிரம் மாற்றி முடித்திருந்தான். ஓடுற விலையிலும் சில ஆயிரங்கள் குறைவு. பெட்டியோடு இலவசமாக வந்த சின்னக் கூலரை மாட்டியே இத்தனையும் ஓடினான். மேடம் ஆறாவது தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இவன வாங்கச் சொல்லலாம், ரத்தினம்" என்றார். எழுதியும் கொடுத்துவிட்டார்.

பக்கம் அச்சுக்குப் போகிற நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். மேடம் நாலு மணிக்கே கிளம்பியிருந்தார். வீட்டில் அச்சு முறுக்கு சுடுகிற நாள், அம்மா தனியாக இருப்பார் என்றார். அவர் போன பிறகு பக்கம் வடிவமைக்கிறவர் போன் செய்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்துவிட்டது, அட்டவணையில் ஒரு வரியை எடுக்க வேண்டும், எதை எடுப்பது என்று கேட்டார்.

அட்டவணையை முன்னால் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் மூத்தவனுக்கு ஒரு எண், இளையவனுக்கு ஒரு எண். எல்லாம் வித்தியாசமானவை. ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே எண்: அறை வெப்பம், இருபத்திரண்டு, இருபத்திரண்டு. ஒப்பீட்டில் ஒரே எண்ணுக்கு என்ன வேலை? பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் இருந்தவன் நான். இருபத்திரண்டு என்பது எனக்கு ஒரு எண்ணாகவே படவில்லை. மேலே இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். மறுநாள் மேடத்திடம் சொல்ல மறந்துபோனேன். அவர் கொண்டுவந்த அச்சு முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

இதழ் பிய்த்துக்கொண்டு போனது. எஸ்.பி. ரோடில் சில கடைகளில் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நகலெடுத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். இளையவனை விற்கிற விநியோகஸ்தர் ஒரு வருஷத்துக்குப் பின்னட்டை விளம்பரம் எடுத்துக்கொண்டார். முதலாளி எங்கள் அறைக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

மே மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது, தமிழில், என் பெயருக்கு. பத்திரிகையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, இவர் தமிழராக இருப்பார் என்று எழுதியிருக்கிறார். வேலூரில் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிற அன்வர் என்பவர். எங்கள் இதழைப் பார்த்து, எங்கள் பட்டியலில் இருந்ததை இருந்தபடியே மூன்று மெஷின் வாங்கியிருந்தார். ஏப்ரலிலிருந்து பகல் பதினொரு மணிக்கு மேல் ஓட்டினால் பாதியில் அணைந்துவிடுகின்றன. சித்திரை முகூர்த்தம் முழுக்கத் தேங்கிக் கிடக்கிறது, கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம். "புத்தகத்தில் போட்டபடிதான் எல்லாம் செய்தேன். நான் எங்கே தவறு செய்தேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதவும்."

மேடத்திடம் படித்துக் காட்டினேன். அவருடைய முதல் கேள்வியே அதுதான்: அவங்க ரூம் எவ்ளோ? பிறகு, நாம் போட்டிருக்கிறோமே, அதைப் பார்த்துமா வாங்கினார் என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். அட்டவணையின் தலையில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"நான்தான் மேடம் எடுத்தேன்" என்றேன்.

ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். மிஸ்டர் முனிரத்தினம் என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த வெப்பமானியைக் கழற்றி, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். நாளைக் காலை ரயிலுக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அன்று மாலையே எஸ்.பி. ரோடில் மூன்று பெரிய செம்புக் கூலர்களை வாங்கி வைத்துக்கொண்டு போனோம். காட்பாடியில் இறங்கும்போதே முகத்தில் அனல் அடித்தது. அன்வரின் ஸ்டூடியோ மாடியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. படம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார். நாற்பது வயதுக்காரர், மெலிந்தவர், எங்களைப் பார்த்ததும் புகார் சொல்லாமல் உட்காரச் சொல்லி எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார். பிறகு மெதுவாக என்னிடம், "இன்னா தப்பு பண்ணேன்னு பாத்து சொல்லுங்க சார். ஒயரு கியரு மாத்திச் சொருகிட்டனா?" என்றார்.

நான் வெப்பமானியை மேசைமேல் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். பாதரசம் ஏறிக்கொண்டே போனது. மேடம் திரும்பாமல் கேட்டார், "ரத்தினம், ரூம் எவ்ளோ?" முப்பத்தொன்பது என்றேன். அதுவரை அந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பதில். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மேடம் வளையல்களைக் கழற்றினார். தட்டு இல்லை. அன்வரின் மனைவி ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மெஷினில், பெட்டியை மூடியபடி, அன்வரிடம் தேங்கிக் கிடந்த ஒரு கல்யாண வீடியோவை ஓட்டினோம். பதினோராவது நிமிஷம், மணப்பெண் தலைகுனிந்து மாலை வாங்கிக்கொள்கிற இடத்தில் படம் உறைந்து, அணைந்தது. ஆறவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். கொஞ்சம் அதிக நேரம் தாங்கியது, பிறகு அணைந்தது. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை. அன்வருக்கு ஏன் என்று புரியவில்லை.

காரணம் எளிமையானது. சூடு கூடினால் மூத்தவன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வான். இளையவனுக்கு அந்தப் புத்தி கிடையாது, ஓடிக்கொண்டே இருந்து விழுந்துவிடுவான். இருபத்திரண்டு டிகிரி அறையில் இலவசக் கூலர் அவனுக்குப் போதும். முப்பத்தொன்பதில் போதாது. பழைய கூலரைக் கழற்றி, சில்லிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்துகிற, காய்ந்திருந்த பசையைத் துணியால் துடைத்து, ஒரு அரிசி அளவு புதுப் பசை வைத்து, செம்புக் கூலரை உட்கார வைக்க வேண்டும். இளையவனுடைய சில்லின் மேல் மூடி கிடையாது. கிளிப்பை ஒரு பக்கமாக அழுத்தினால் ஓரம் உடைந்து அதோடு போயிற்று. மேடம் கூலரை நேராகப் பிடித்துக்கொள்ள, நான் திருப்புளியால் கிளிப்பைத் தள்ளினேன். வியர்வை சொட்டி விழாமலிருக்க இரண்டு பேரும் நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தோம். மூன்று மெஷின், மூன்று தடவை மூச்சைப் பிடித்தோம். ஒன்றும் உடையவில்லை. பெட்டிகளின் பின்னால் ஓட்டை போட்டு இன்னொரு ஃபேன் வைத்தோம். மதியம் மூன்று மணிக்கு, அதே முப்பத்தொன்பதில், அந்த மணப்பெண் மாலையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

அன்வர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப தப்பு என்துல்லியா?" என்றார்.

"இல்ல பாய். எங்கது" என்றார் மேடம். எங்கது என்று சொன்னாரே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

பெங்களூருக்குத் திரும்பியதும் மேடம் முழு ஒப்பீட்டையும் வேலூர்ச் சூட்டில் மறுபடி செய்ய வேண்டும் என்றார். ஜூன் மாதம், வெளியே சாரல். இரண்டு ரூம் ஹீட்டர் வாங்கப் போனேன். வீட்டில் பச்சைக் குழந்தையா என்று கடைக்காரர் விசாரித்தார். ஆமாம், இரண்டு பிள்ளைகள், அண்ணன் தம்பி என்றேன். காற்றுத் துவாரங்களில் அட்டையை ஒட்டி, கதவைச் சாத்தி, அறையை முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் உள்ளேயே இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே மரம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளே வேலூர்க்காரர்களாக வியர்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது நிமிஷத்துக் கொட்டாவிக்கு மேடம் அப்போதும் சிரித்தார். என் வேலைக் காலத்தில் எந்த நாலு நாளைத் திரும்பக் கொடுக்கட்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்த நாலு நாளைத்தான் கேட்பேன்.

முடிவு இப்படி வந்தது: சூடான ஊர்களில் இலவசக் கூலரோடு இளையவன் உதவமாட்டான். நல்ல கூலர் போட்டால் அப்போதும் அவன்தான் வேகம், ஆனால் ஓடுற விலையில் இருந்த வித்தியாசம் பாதியாகிவிடும். அதைவிட நிம்மதி முக்கியம் என்றால் மூத்தவனை வாங்கலாம். மேடம் முழுப்பக்கம் எழுதினார்.

முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பின்னட்டை விளம்பரக்காரர் கோபித்துக்கொள்வார், அதனால் இதை வாசகர் கடிதப் பகுதியில் நாலு வரியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மேடம், நாற்பத்தொன்றாம் பக்கம், அதே எழுத்து என்றார். கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வரியை எடுத்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார்.

மேடம் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. நான் பேசுவதற்குப் போதுமான இடைவெளி. சுசீலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வாடகை வீடு. இதையெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு சமாதானத்துக்குச் சேர்த்துக்கொண்டேனா தெரியாது. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"லேபுக்கு நான்தான் பொறுப்பு" என்றார் மேடம்.

திருத்தம் அவர் சொன்னபடியே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வந்தது. அடியில், தவறு ஆய்வுக்கூடப் பொறுப்பாளருடையது என்று அவர் பெயர் போட்டிருந்தது. விநியோகஸ்தர் பின்னட்டையை விட்டுவிட்டார். அந்த வருஷக் கடைசியில் மேடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் அண்ணன் கனடாவில் இருந்தார், அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். போகிற அன்று வெப்பமானியைக் கழற்றி, அதே துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். வெளியே வந்து வழியனுப்பினேன். அப்போதும் முதலாளியிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அவருடைய நாற்காலி எனக்குக் கிடைத்தது. பத்திரிகை மூடும்வரை அதில் உட்கார்ந்தேன். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கே இருந்தாலும் எந்தத் தாளிலும் முதல் வரி அறை வெப்பம். பிரகாஷ் அதை என் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவர், ரெஜினா மேடம் மேல் உங்களுக்குக் காதலா அண்ணா என்றுகூடக் கேட்டார். அந்தச் சொல் எனக்குச் சரியாக உட்காரவில்லை. ஐந்து தடவை ஓட்டின பிறகு, இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டால் முகம் மலர்கிற ஒரு ஆள் பக்கத்து மேசையில் இருந்தார். அதற்குப் பிறகு இல்லை. அந்த இடம் இன்னும் வலிக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேடம் வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். இந்த வருஷம் ஏப்ரலிலேயே செய்தார். உடம்பு முடியவில்லை, இனி விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெங்களூரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு வழக்கம்போல, "ரத்தினம், ரூம் எவ்ளோ?" என்றார்.

வெப்பமானி என் தலைக்கு மேலேதான் இருக்கிறது. முப்பத்துநாலு காட்டியது. மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு மேடம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "ஜன்னல் தொறந்திருக்கா?"

"தொறந்திருக்கு மேடம்."

"நல்லது. தொறந்தே வைங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

சுசீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பிரகாஷ் போன் செய்து, மலருக்கு எழுதச் சொன்னார். எழுதுகிறேன், ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் போட வேண்டும், கடைசிப் பத்தியின் எழுத்தைச் சின்னதாக்கக் கூடாது என்றேன். மலர் அச்சானதும் முதல் பிரதி கனடாவுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

திருத்தம். எங்கள் பத்திரிகையின் ப்ராசஸர் ஒப்பீட்டில், பக்கம் நாற்பத்தொன்றில், விடுபட்ட வரி: அறை வெப்பம், இருபத்திரண்டு டிகிரி. அதை எடுத்தவன் முனிரத்தினம். ரெஜினா மேடம் அல்ல. இந்த ஏப்ரலில் தொலைபேசியில் சொன்ன அறை வெப்பமும் தவறு. அது முப்பத்துநாலு. ஜன்னல் திறந்திருந்தது என்று சொன்னது சரி. இன்னும் திறந்துதான் இருக்கிறது.